உங்கள் கருத்து எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை படிக்க வெளிநாடு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. நிலத்தடி நீர் பற்றிய என் முதல் கட்டுரை குறைந்த மதிப்பெண்ணுடன் திரும்பி வந்திருக்கிறது. இலக்கணப் பிழை அதிகமில்லை. ஆனால் ஓரத்தில் மூன்று இடங்களில் ‘உங்கள் கருத்து எங்கே?’ என்று பேராசிரியர் எழுதியிருக்கிறார். என் கருத்து கடைசிப் பக்கத்தில் இருக்கிறது! தமிழில் சிந்திப்பவர்கள் சுற்றி வளைத்துத்தான் எழுதுவார்கள் என்கிறார் உடன் தங்கியிருக்கும் நண்பர். உண்மையா? கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்மையில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. 1966இல் அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் கப்லன், வெளிநாட்டு மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய சில நூறு கட்டுரைகளை வாசித்துவிட்டு, மொழிக்கூட்டம் ஒவ்வொன்றிலும் சிந்தனை நகரும் விதத்துக்கு ஒரு கோட்டுப்படம் வரைந்தார். ஆங்கிலத்துக்கு நேர்க்கோடு; சீனம், கொரியம் போன்றவற்றுக்குச் சுருள். புதிய மொழியில் தடுமாறுகிறவரின் எழுத்தை வைத்து அவர் சிந்திக்கும் விதத்தையே தீர்மானிப்பது அநியாயம். பலர் மறுத்தார்கள், கப்லனே பின்னாளில் தன் வாதத்தைத் தளர்த்திக்கொண்டார்.

1987இல் மொழியியலாளர் ஜான் ஹைண்ட்ஸ் கேட்ட கேள்விதான் உங்களுக்கு உதவும்: எழுதியது புரியாவிட்டால் பொறுப்பு யாருடையது? ஆங்கிலத்தில் எழுதியவருடையது, ஜப்பானிய மொழியில் பெரும்பாலும் வாசிப்பவருடையது என்றார் அவர். நீங்கள் வாசகரின் அறிவை மதித்துச் சான்றுகளை அடுக்கி, முடிவுக்கு அவரே வந்து சேரட்டும் என்று விட்டிருக்கிறீர்கள். அது மரியாதை. உங்கள் பேராசிரியருக்கோ அது தயக்கமாகத் தெரிந்திருக்கிறது.

சுற்றி வளைப்பது நம் இயல்பு என்றால், நன்னூல் ‘மற்றொன்று விரித்த’லையும் ‘கூறியது கூற’லையும் நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ஏன் சேர்க்க வேண்டும்? அதே நூல் சொல்லும் ஏழு மதங்களில் (நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளில்) ஒன்று ‘தான் நாட்டித் தனாது நிறுப்பு’: தானே ஒரு கருத்தை நாட்டி, அதை நிலைநிறுத்துவது. உங்கள் பேராசிரியர் கேட்பதும் இதைத்தான்.

ஓரிடத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். முன்னோர் சொன்ன பொருளை மட்டுமல்ல, அவர்கள் சொல்லையும் பொன்போல் போற்றி எடுத்தாள்வதை நன்னூல் ஏற்கிறது. இன்றைய பல்கலைக்கழகத்தில் மேற்கோள் குறியும் பெயரும் இல்லாமல் அப்படிச் செய்தால் கருத்துத் திருட்டு என்பார்கள்; படிப்பே பறிபோகலாம். உங்கள் நான்காம் பக்கத்தில் இரண்டு வாக்கியங்கள் அப்படி நிற்கின்றன. கெட்ட எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். விசாரிப்பவருக்குத் தெரியாது.

கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். ‘தண்ணீர் இன்றியமையாதது என்பது அனைவரும் அறிந்ததே’ என்று தொடங்குகிறீர்கள். அனைவரும் அறிந்ததை ஏன் எழுத வேண்டும்? கடைசிப் பக்கத்தில், ‘கிணறு தோண்ட அனுமதி பெறச் சொன்னால் மட்டும் போதாது, எடுக்கும் நீரையும் அளக்க வேண்டும்’ என்ற வாக்கியம் இருக்கிறது. எவ்வளவு தெளிவான வாக்கியம்! அதைத் தூக்கி முதல் பத்தியில் வையுங்கள். பிறகு ஒவ்வொரு பத்தியும் அதற்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். எதுவும் செய்யாததை எடுத்துவிடுங்கள்.

பேராசிரியரை நேரில் பார்த்து, அவர் நன்றாக இருப்பதாக நினைக்கும் ஒரு மாணவர் கட்டுரையைக் கேளுங்கள். கேட்பது குறையல்ல. திருத்திய முதல் பத்தியை எனக்கும் அனுப்புங்கள்.