சடசட, டக் டக், ம்ம்ம்: இசைத்தட்டுக் கேள்விகள்

கேள்வி: ஒரே பாட்டில் 'டக்... டக்...' என்று விடாமல் கேட்கிறது. ஸ்டாட்டிக்தானே (தட்டில் தேங்கும் மின்னூட்டம்)?

இல்லை, கீறல். எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் வினைல்) தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 2 விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அந்த இடைவெளியில் சத்தம் திரும்பி வந்தால் கீறலேதான். ஸ்டாட்டிக் ஒரே இடத்தில் நிற்காது. மறுமுறை போட்டால் வேறெங்கோ வெடிக்கும்.

கேள்வி: ரெக்கார்டில் சத்தம் வருகிறது. என்ன செய்ய?

என்ன சத்தம்? எல்லாத் தட்டிலுமா, ஒன்றில் மட்டுமா? ஊசி மாற்றி எத்தனை நாள்? இதெல்லாம் இல்லாமல் எழுதினால் நான் என்ன சொல்வது! முதலில் ஊசியைப் பாருங்கள். நுனியில் தூசி திரண்டிருந்தால் பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் தள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் காட்டன் துணியால் அழுத்தித் துடைத்துத்தான் போடுகிறேன். சடசடப்பு கூடிக்கொண்டே போகிறதே?

துடைப்பதால்தான் கூடுகிறது. எத்தனை தடவை எழுதிவிட்டேன், உலர்ந்த துணி வேண்டாம் என்று! வினைல் மின்சாரத்தைக் கடத்தாது. தேய்த்தால் ஏறும் மின்னூட்டம் போக வழியில்லாமல் அங்கேயே தங்கி, சுற்றிலும் உள்ள தூசியை இழுக்கும். நீங்கள் அழுத்திய அழுத்தில் அந்தத் தூசி, பாட்டு பதிந்திருக்கும், தலைமுடியைவிடக் குறுகலான தடத்துக்குள் இறங்குகிறது. அப்புறம் ஊசி அதை அரைக்கிறது.

தட்டை எடுக்கும்போது அடியில் விரித்த ஃபெல்ட் மேட்டும் (கம்பளி விரிப்பு) ஒட்டிக்கொண்டு மேலே வருகிறதா? ஸ்டாட்டிக் ஏறியிருக்கிறது. மேட்டைக் கழற்றிவிட்டு கார்க்கோ தோலோ போடுங்கள். தட்டு சுழலும்போது கார்பன் ஃபைபர் பிரஷ்ஷை இரண்டு மூன்று சுற்றுக்குப் படும் படாமல் பிடியுங்கள். கை அதன் உலோகப் பகுதியில் இருக்கட்டும், மின்னூட்டம் உங்கள் வழியாக இறங்கிவிடும். காகித உள்ளுறையையும் மாற்றுங்கள். உருவும்போதெல்லாம் அதுவும் தேய்க்கிறது. பாலித்தீன் உள்பூச்சு உள்ளது நல்லது. காற்று ரொம்ப வறண்டிருந்தால், ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால், தொல்லை இன்னும் அதிகம். அழுக்கு அதிகமென்றால் காய்ச்சி வடித்த நீரில் தடத்தின் போக்கிலேயே கழுவுங்கள், லேபிள் நனையாமல்.

கேள்வி: பழைய 78 தட்டுகளை (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகள்) ஆல்கஹாலால் துடைக்கலாமா?

கூடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். எல்.பி. ஊசியையும் அதில் வைக்காதீர்கள்.

கேள்வி: டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) மேல் நாணயம் வைத்தால் சத்தம் குறையுமாமே?

தடம் தேயும். கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்திய பகுதி) அதன் தயாரிப்பாளர் சொன்ன எடையை வையுங்கள், பெரும்பாலும் 2 கிராம் வரும். ஊசியைப் பார்த்தீர்களா?

கேள்வி: பாட்டே போடாதபோதும் 'ம்ம்ம்' என்று ஓடுகிறது.

பிளேயரின் எர்த் ஒயரை ப்ரீஆம்பில் (ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி) மாட்டுங்கள்.