நாலு பேர் சேர்ந்திருக்கும் வீட்டுக்கு எந்த வேக்குவம் கிளீனர்?

தம்பி, ஜெர்மனியில் மக்டெபுர்க் நகரத்தில், படிக்க வந்த நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். இரண்டு அறையில் கார்ப்பெட், மற்ற இடமெல்லாம் லாமினேட். 300 யூரோவுக்கு ஒயர் இல்லாத வேக்குவம் கிளீனர் ஒன்றைப் பார்த்து வைத்து, ஆளுக்கு 75 போடலாமா என்று கேட்கிறீர்கள். உங்களில் ஒருவர் ரோபோ வாங்கலாம் என்கிறார், இன்னொருவர் ஊரிலிருந்தே கொண்டுவரலாம் என்கிறார். கெல்லரில், அதாவது கட்டடத்தின் நிலவறையில், கிடக்கும் பழைய மெஷினை எறிந்துவிடலாமா என்பது கடைசிக் கேள்வி.

பை போடுகிற, ஒயர் உள்ள, சக்கரத்தில் இழுத்துப் போகும் சாதாரண வகையையே வாங்குங்கள். பலர் சேர்ந்து புழங்கும் பொருளை, உங்களில் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவரை மனதில் வைத்து வாங்கக் கூடாது. எதையும் கண்டுகொள்ளாதவர் கையில் அது என்ன பாடுபடும் என்று பார்த்து வாங்க வேண்டும். எந்த வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். தேர்வு நேரத்தில் நாலு பேருமே அப்படித்தான் ஆவீர்கள்.

ஒயர் இல்லாதது கெட்ட பொருள் இல்லை. கணவன் மனைவி மட்டும் இருக்கும் வீட்டில், அதற்கென்று ஓர் இடமும் ஒரு கையும் இருந்தால் நன்றாகவே உழைக்கும். ஆனால் அதன் பேட்டரி நாளாக நாளாகத் தேயும். மாற்றுப் பேட்டரி விலை, பழைய சாதாரண மெஷின் ஒன்றையே வாங்கிவிடும் அளவுக்கு வரும். முழு வேகத்தில் ஓட்டினால் பலவற்றில் சில நிமிடங்களிலேயே சார்ஜ் இறங்கிவிடும், கார்ப்பெட்டுக்கோ அந்த வேகம்தான் வேண்டும். தூசி சேரும் டப்பா சின்னது, அடிக்கடி கொட்ட வேண்டும். ஃபில்டரைக் கழுவி முழுக்கக் காய வைத்த பிறகே மாட்ட வேண்டும். குளிர்காலத்தில் அது காய ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும். காயாமல் மாட்டினால் வீடு முழுக்கப் புழுங்கின நாற்றம் வரும், மோட்டாருக்கும் ஆகாது. இத்தனையையும் நாலு பேரும் மாறி மாறிச் சரியாகச் செய்வார்கள் என்று நம்பி 300 யூரோ போடாதீர்கள்.

இதில் உடம்பு சம்பந்தப்பட்டதும் ஒன்று இருக்கிறது. அக்டோபருக்குப் பிறகு இங்கே ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் நேரம் குறைந்துவிடும், ஹீட்டர் ஓடும், காற்று வறண்டுபோகும். ஊரில் தும்மல் என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்குக்கூட இங்கே வந்தபின் மெத்தையிலும் கார்ப்பெட்டிலும் இருக்கும் பூச்சித் தூசியால் மூக்கடைப்பு வருவதைப் பார்த்திருக்கிறேன். டப்பாவைக் குப்பைத்தொட்டியில் தட்டிக் கொட்டும்போது அந்தத் தூசியில் கொஞ்சம் திரும்ப முகத்துக்கே வரும். பை வகையில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. மூடியைத் திறந்தால் பையின் வாயில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருக்கும். அதைப் பிடித்து மேலே தூக்கினால், நல்ல பைகளில் வாய் மூடிக்கொண்டு வரும். அப்படியே குப்பையில் போட்டுவிட்டுப் புதுப் பையைச் செருகினால் வேலை முடிந்தது. யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உங்களில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், காற்று வெளியேறும் பக்கம், மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் மாட்டக்கூடிய மாடலாகப் பாருங்கள்.

ரோபோ வேண்டாம். தரையில் சார்ஜர் ஒயரும், செருப்பும், அரிசி மூட்டையும் கிடக்கும் வீட்டில் அது ஓடாது. ஊரிலிருந்து கொண்டுவருவதும் வீண். இரண்டு நாட்டிலும் மின்சாரம் 230 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று முள் பிளக் இங்கே நுழையாது. அந்த மாடலுக்குப் பையும் ஃபில்டரும் இங்கே கிடைப்பது கஷ்டம். ஏர்லைன்ஸ் கொடுக்கும் எடையில் பிரஷர் குக்கர் வரட்டும்.

கடைக்குப் போனால் வாட்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பரிலிருந்து, வீட்டு உபயோக வேக்குவம் கிளீனர் 900 வாட்டுக்கு மேல் விற்பனைக்கு வரக் கூடாது. 2014 முதல் அதுவரை 1600 என்றிருந்தது. பழைய 2000 வாட் மெஷின் வைத்திருப்பவர், இதுதான் இழுவை என்பார். தூசியை எடுப்பது வாட் மட்டும் இல்லை. தரையோடு ஒட்டி ஓடும் தலை, காற்று கசியாத குழாய், நிறையாத பை, இந்த மூன்றும் சேர்ந்துதான் எடுக்கிறது. தலையில் காலால் மிதிக்கும் பித்தான் ஒன்று இருக்கும். ஒரு மிதியில் பிரஷ் வெளியே வரும், அது லாமினேட்டுக்கு. இன்னொரு மிதியில் உள்ளே போகும், அது கார்ப்பெட்டுக்கு. இதை மாற்றாமல் ஓட்டிவிட்டு, மெஷின் சரியில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

புதிதாக வாங்கினால் 100 யூரோவை ஒட்டியே தேவையானது கிடைக்கும். ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். கடையோ ஆன்லைனோ, புதுப் பொருளில் குறை இருந்தால் விற்றவர் இரண்டு வருடம் பொறுப்பு. அதனால் பில்லைப் போட்டோ எடுத்து, நாலு பேரும் பார்க்கும் இடத்தில் போட்டு வையுங்கள். மாடல்களை ஒப்பிட ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் என்ற அமைப்பின் சோதனை முடிவுகளைப் பாருங்கள். 1964இலிருந்து இருக்கும் அமைப்பு, அவர்கள் பத்திரிகையில் விளம்பரமே வாங்குவதில்லை. பல நகர நூலகங்களில் அந்தப் பத்திரிகை கிடைக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழையதைத்தான் வாங்குவேன். கிளைன்அன்ட்சைகன் என்ற பழைய பொருள் விற்கும் விளம்பரத் தளத்தில் மீலெ, பாஷ், சீமென்ஸ் கம்பெனி மெஷின்களையெல்லாம் ஊரை விட்டுப் போகிறவர்கள் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். படத்தில் A, B என்று எழுத்து போட்ட எரிசக்தி ஸ்டிக்கர் தெரிந்தால், அது பெரும்பாலும் 2014க்கும் 2019 தொடக்கத்துக்கும் இடையில் விற்ற மெஷின். வேக்குவம் கிளீனருக்கு அந்த ஸ்டிக்கர் இருந்தது அந்தக் காலத்தில் மட்டும்தான். காலிப் பையோடு சோதித்து மதிப்பெண் போடுகிறார்கள் என்று டைசன் வழக்குப் போட, 2018இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்துவிட்டது. விற்பவர் ‘இரண்டு வருடம்தான் ஆகிறது’ என்று சொல்லும்போது இது உதவும்.

நேரில் போய், பணத்தைக் கையில் கொடுத்து வாங்குங்கள். பணம் கட்ட இந்த லிங்கில் கார்டு எண்ணைப் போடுங்கள் என்று விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது மோசடி, அதோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். அங்கே போனதும் ஒயரை முழுக்க இழுத்துப் பாருங்கள். முதலில் மஞ்சள் கோடு வரும், பிறகு சிவப்பு. சிவப்புக்கு மேல் இழுக்கக் கூடாது. பித்தானை அழுத்தினால் ஒயர் தடையில்லாமல் உள்ளே ஓட வேண்டும். அப்போது பிளக்கைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காலில் அடிக்கும். கைப்பிடிக்குப் பக்கத்தில் ரப்பர் குழாய் வளையும் இடத்தைத் தடவிப் பாருங்கள், வெடிப்பு விழுவது பெரும்பாலும் அங்கேதான். ஓடவிட்டு, வெளியே வரும் காற்றை முகர்ந்து பாருங்கள். சிகரெட் நாற்றமோ நாய் நாற்றமோ இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், அது சுலபத்தில் போகாது. கடைசியாக, பையின் வகைப் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். மீலெயில் சட்டம் நீலமாக இருந்தால் GN, சிவப்பாக இருந்தால் FJM. டிஎம், ரோஸ்மன் என்ற வீட்டுச் சாமான் கடைகளில் வேறு கம்பெனிகளின் பைகள் மலிவாகக் கிடைக்கும். எந்த மாடலுக்குப் பொருந்தும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும்.

நம் வீட்டுப் புழக்கத்துக்குச் சில விஷயங்கள். சிந்திய சாதத்தையும் ஈரமான எதையும் இழுக்காதீர்கள், பைக்குள் பூஞ்சை பிடிக்கும். கடுகு, பருப்பு, காய்ந்த கறிவேப்பிலை எல்லாம் தாராளமாக இழுக்கலாம். கோலமாவு, விபூதி, கடலைமாவு போன்ற நைஸ் பொடிகளைக் கூட்டி அள்ளுவதே நல்லது. அவை பையின் கண்களை அடைத்துவிடும். பை பாதிகூட நிறையாதபோதே, நிறைந்துவிட்டதாக மெஷினில் சிவப்பு அடையாளம் காட்டும். முடியும் பஞ்சும் சேர்ந்த பையோ இதற்கு நேர்மாறு, நிறைந்த பிறகும் காட்டாது. அந்தச் சிவப்பு அடையாளத்தைத் தலையைத் தரையிலிருந்து தூக்கி, முழு வேகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சமையலறைக்கு ஒரு பூந்துடைப்பமும் முறமும் எப்படியும் வேண்டும்.

பணத்தைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு வாங்காதீர்கள். செமஸ்டர் தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் வீடு அது. ஒருவர் போகும்போது தன் பங்கைக் கேட்பார், புதிதாக வருபவர் பழைய பொருளுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்பார். நல்ல நண்பர்கள் இருபது யூரோவுக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டது எனக்குத் தெரியும். மெஷினை ஒருவர் தன் சொந்தப் பணத்தில் வாங்கட்டும், அது அவருடையது, போகும்போது எடுத்துக்கொண்டு போகட்டும். பையும் ஃபில்டரும் மட்டும் பால், வெங்காயம் வாங்கும் பொதுப் பணத்திலிருந்து வரட்டும். குழாயை உடைத்தவர் குழாய்க்குக் கொடுக்கட்டும். இதை முதல் வாரமே வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.

ஓட்டும் நேரமும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளும் இங்கே அமைதி நாள். இரவு 10 முதல் காலை 6 வரையும் அப்படியே. பல கட்டடங்களில் மதியம் 1 முதல் 3 வரையும் சத்தம் கூடாது என்று ஹவுஸ்ஓர்ட்னுங் என்ற கட்டட விதிகளில் எழுதியிருப்பார்கள், மாடிப்படிப் பக்கம் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். கீழ்வீட்டுக்காரரோடு முதல் பேச்சே புகாராக இருக்க வேண்டாம். சனிக்கிழமை காலை நல்ல நேரம்.

கெல்லரில் கிடப்பதை இப்போதே எறியாதீர்கள். பையைப் புதிதாகப் போட்டு, குழாயைக் கழற்றி ஒரு முனையிலிருந்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். பல மெஷின்களில் அடைப்பைத் தவிர வேறு கோளாறு இருக்காது. ஓடினால் இந்த வருடம் ஒன்றுமே வாங்க வேண்டாம். ஓடாவிட்டால் வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, வெர்ட்ஷ்டோஃப்ஹோஃப் என்ற நகராட்சியின் பழைய பொருள் சேகரிக்கும் இடத்தில் காசில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். எதைச் செய்வதற்கு முன்பும், அது யாருடையது என்று வீட்டுக்காரருக்கு ஒரு வரி மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். பழைய குடியிருப்பாளர் திரும்ப வந்து எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.