இதழியல் அறிமுகப் படிப்பில் உண்மையில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

ஏற்கெனவே நன்றாக எழுத வருபவர்களுக்கு இதழியல் படிப்பு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இதழியல் அறிமுகத்தை ஒரு பருவம் முழுவதும் படித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அங்கே எழுத்துப் பயிற்சிக்குச் செலவான நேரம் குறைவுதான். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறு வினாக்களும், முக்கியமானதை முதலில் வைக்கும் தலைகீழ்ப் பிரமிடு அமைப்பும் விரைவில் முடிந்துவிட்டன. அவற்றை ஒரு பாடநூலிலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

எங்கள் ஆசிரியர் அன்றைய நாளிதழ்களைக் கொண்டுவந்து, ஒரு குற்றச் செய்தியை வரிவரியாக வாசிக்கச் செய்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் யார் சொன்னது என்று கேட்பார். தமிழ்ச் செய்திகளில் ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’ என்று முடியும் வாக்கியங்கள் எத்தனை என்பதை அப்போதுதான் கவனித்தேன். சொன்னவர் காவல் ஆய்வாளரா, பக்கத்து வீட்டுக்காரரா, அல்லது அது செய்தியாளரின் ஊகமா என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. முதல் தகவல் அறிக்கையையும் அவ்வாறே படிக்கப் பழக்கினார். அது புகார் கொடுத்தவர் சொன்னதைக் காவல்துறை பதிவுசெய்த ஆவணமே தவிர, சொன்னபடி நடந்தது என்பதற்கான சான்று அன்று. பாலியல் குற்றம் போன்ற நுட்பமான வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்திற்குள் இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆவணம் எளிதில் கிடைப்பது நல்லதுதான். ஆனால் ‘என்று புகாரில் கூறியுள்ளார்’ என்ற ஒரு தொடரை விட்டுவிட்டால், விசாரணையே தொடங்காத நிலையில் ஒருவர் குற்றவாளியாகிவிடுகிறார்.

இந்தப் பாடத்தின் முழுக் கனமும் எனக்குப் புரிந்தது, ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற 1994ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தபோதுதான். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முனைந்தது. தமக்கும் அதிகாரிகள் சிலருக்கும் இருந்த தொடர்பைப் பற்றி அவர் அதில் எழுதியிருந்ததாகக் கூறப்பட்டதால், சிறைத்துறைத் தலைமை அதைத் தடுக்கப் பார்த்தது. (நான் இங்கே எழுதிய ‘சொல்லப்பட்ட’ என்பதற்குக் காரணம் உண்டு: அதை அவர்தான் எழுதினாரா என்பதே வழக்கில் சர்ச்சைக்குரியதாக இருந்தது.) பொது ஆவணங்களில் உள்ள செய்திகளை, உரியவரின் ஒப்புதல் இல்லாமலே வெளியிடலாம் என்றும், அவதூறாகிவிடுமோ என்ற அச்சத்தில் அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடைவிதிக்க முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. அதிகாரிகளின் பணி தொடர்பான செய்தி பிழையாக அமைந்துவிட்டாலும், நியாயமான அளவுக்குச் சரிபார்த்த பின்னரே எழுதினேன் என்று செய்தியாளர் காட்டினால் போதும் என்றது. வகுப்பில் சலிப்பூட்டும் வேலையாகத் தோன்றிய சரிபார்ப்புதான் சட்டத்தின் முன் செய்தியாளருக்கு உள்ள பாதுகாப்பு என்பதை அறிந்தபோது, அந்தத் தொழிலின்மீது எனக்கு இருந்த மதிப்பே பலமடங்கு உயர்ந்தது.

அதே தீர்ப்பு, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் பெயரைப் பொது ஆவணத்திலிருந்தும் எடுத்து வெளியிடக் கூடாது என்று விதிவிலக்கு வகுத்திருக்கிறது. பெயரை நீக்கிவிட்டால் கடமை முடிந்தது என்று பல செய்திகள் நினைக்கின்றன; தெருவும் கல்லூரியும் தந்தையின் தொழிலும் சேர்ந்தால், சிற்றூரில் ஆளை அடையாளம் காணப் பெயர் தேவையில்லை. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் அரசாணையிலேயே பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியானதை நினைத்தால், இந்தக் கவனம் எல்லாருக்கும் இயல்பாக வந்துவிடும் என்று நம்ப முடியவில்லை. தற்கொலைச் செய்திகளில் இறந்த முறையை விவரிக்கக் கூடாது என்பதையும் வகுப்பில்தான் கற்றேன்.

ஆகவே, நன்றாக எழுத வரும் என்பதற்காக இந்தப் படிப்பைத் தவிர்க்க வேண்டாம் என்பேன். சேரும் முன், மாணவர்களை நீதிமன்ற விசாரணைக்கும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கும் அனுப்புகிறார்களா என்று விசாரியுங்கள். எழுதிக் கொடுக்கும் செய்தியின் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்கும் ஆசிரியர் ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதையும் முன்பு படித்தவர்களிடம் கேளுங்கள்.