எண்ணெயில் சத்து அதிகமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். நூறு கிராம் பருப்பில் 340 கலோரி, எண்ணெயில் 900 கலோரி என்கிறார்கள். அப்படியானால் எண்ணெயில்தானே சத்து அதிகம்? வீட்டில் நான்கு பேர். பருப்பைக் குறைத்துக்கொண்டு எண்ணெயைக் கூட்டினால் என்ன?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொன்ன எண்கள் சரி. ஆனால் கலோரி என்பது எரிபொருளின் அளவு மட்டுமே. நூறு கிராம் துவரம் பருப்பில் சுமார் 22 கிராம் புரதம், 60 கிராம் மாவுச்சத்து, 4 மில்லிகிராம் இரும்பு இருக்கின்றன. நார்ச்சத்தும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் கூடவே வருகின்றன. பாமாயிலில் புரதம் பூஜ்யம், இரும்பு பூஜ்யம், நார் பூஜ்யம். நூறு கிராமும் கொழுப்புதான், அதில் ஏறத்தாழ பாதி, அதிகமானால் இதயத்துக்கு ஆகாத நிறைவுற்ற கொழுப்பு. செறிவூட்டிய எண்ணெயாக இருந்தால் வைட்டமின் ஏ, டி சேர்த்திருப்பார்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அந்த வைட்டமின் ஏ அழிந்துபோகும்.

நூறு கிராமுக்கு நூறு கிராம் என்று ஒப்பிடுவதிலேயே சிக்கல் இருக்கிறது. யாரும் நூறு கிராம் எண்ணெயை ஒரே வேளையில் சாப்பிடுவதில்லை. ஒரு தேக்கரண்டி எண்ணெய் நாலரை கிராம், 40 கலோரி. பருப்பின் எண்களோ வேகவைக்காத பருப்புக்கானவை. வெந்து நீர் ஏறியதும் நூறு கிராமில் புரதம் 7 கிராம் அளவுக்கு இறங்கிவிடும்.

உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டல், 2,000 கலோரி உணவில் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பருப்பு, பயறு வகை 85 கிராம் (அசைவர்களுக்கு முட்டை, மீன், இறைச்சி உட்பட), எண்ணெய் 27 கிராம் என்கிறது. நான்கு பேருக்கு மாதம் 10 கிலோ பருப்பும், மூன்றரை லிட்டர் எண்ணெயும் ஆகிறது. ரேஷனில் வரும் ஒரு லிட்டர், எண்ணெய்த் தேவையில் கால் பங்குக்கு மேல். ஒரு கிலோ பருப்போ பத்தில் ஒரு பங்கு. குறை இருப்பது பருப்பில்தான், அதையே இன்னும் குறைப்பது பெரிய தவறு.

நான்கு பேர் சாம்பாருக்கு 50 கிராம் பருப்பு போட்டால் தலைக்கு மூன்று கிராம் புரதம்கூடத் தேறாது. 150 கிராம் போட்டால் எட்டு கிராம் கிடைக்கும். தண்ணீர் ஊற்றிப் பெருக்கினால் சாம்பார் கூடும், புரதம் கூடாது. புரதத்தின் ஒரு கூறான லைசின் அரிசியில் குறைவாகவும் பருப்பில் தாராளமாகவும் இருப்பதால், சோற்றோடு பருப்பைச் சேர்த்துச் சாப்பிடும்போது இரண்டின் புரதமும் நன்றாகப் பயன்படும். எண்ணெயால் இதைச் செய்ய முடியாது.

மிச்சம் பிடிக்க நினைத்தால் பொரியலில், அப்பளத்தில் எண்ணெயைக் குறைத்து, அந்தக் காசில் கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு வாங்குங்கள். மூன்றிலும் நூறு கிராமுக்கு 20 முதல் 24 கிராம் வரை புரதம் உண்டு. தாளிப்பை மட்டும் நிறுத்த வேண்டாம். கீரை, கேரட்டிலுள்ள கரோட்டின் (உடல் இதிலிருந்துதான் வைட்டமின் ஏ செய்துகொள்கிறது) உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

எண்ணெய் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு வயதுக் குழந்தையின் வயிறு சிறியது, நிறைய உண்ண முடியாது. குழைய மசித்த பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் அளவு கூடாமல் 40 கலோரி கூடும். அங்கேயும் பருப்பைக் குறைக்காமல், எண்ணெயைக் கூடுதலாகச் சேருங்கள்.