பால் ஊறவில்லையா? செவிலி அக்காவின் பதில்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்த அக்கா, பிள்ளை பெற்றவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

பாம்பன்: பிள்ளை பிறந்து 18 நாள். மார்பு தொளதொளவென்று இருக்கிறது, பால் பத்தவில்லை என்கிறார் மாமியார். இரண்டு வேளை பவுடர் பால் கொடுக்கிறோம். பால் ஊற என்ன சாப்பிடலாம் அக்கா?

சாப்பாட்டை அப்புறம் பார்ப்போம் தாயி. மார்பு மெத்தென்று ஆனால் பால் வற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை, அஞ்சு நாள் தாண்டிய பிறகு, 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது மூத்திரம் போகணும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பணும், அப்புறம் நாளுக்கு 20, 30 கிராம் ஏறணும். இது நடந்தால் பால் போதும். உன் வீட்டில் நடுவில் பவுடர் போவதால் மூத்திரக் கணக்கை நம்ப முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை போட்டுப் பார்.

பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்கிற ஹார்மோன் ஏறும், ராத்திரியில் இன்னும் அதிகம். பால் மார்பிலேயே தேங்கினால் சுரப்பு தானாகக் குறையும். பவுடர் குடித்த பிள்ளை அசந்து தூங்கும், உன் மார்பில் பால் கட்டிக்கொண்டு கிடக்கும், மறுநாள் இன்னும் குறையும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை மார்பில் போடு. வாய் அகலத் திறந்து, கீழ் உதடு வெளியே மடங்கி, தாடை மார்பில் அழுந்தியிருக்கணும். காம்பை மட்டும் கவ்வினால் புண்தான் மிச்சம். பவுடரை ஒரேயடியாக நிறுத்தாதே. எடையைப் பார்த்துப் பார்த்துக் குறை.

தேவிபட்டினம்: பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை?

நன்றாகச் சாப்பிடு, உடம்புக்கு நல்லது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் வெந்தயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளணும்.

கீழக்கரை: லாத்தா, வெயில் கொளுத்துகிறது. நாலு மாதப் பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கவா? உம்மா கொடுக்கச் சொல்கிறார்.

வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம் வரை தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தெருவில் கொண்டுவரும் கழுதைப் பால் எதுவும் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டியது நீதான், தாகம் தீரக் குடி.

தங்கச்சிமடம்: சுறாப் புட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே அக்கா! பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் ஊரில் அதுதான் மருந்து.

நல்ல புரதம், பூண்டும் இஞ்சியும் போட்டுச் செய்தால் ருசியும் உண்டு. பால் சுறாவில் இருக்கிற பால் பெயரோடு சரி. சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்வதால் அதன் உடம்பில் பாதரசம் சேரும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாலூட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவையும் சேர்த்திருக்கிறது. சாளை, நெத்திலி, காரல் நம் கரையிலேயே கிடைக்கிறது. காரல் போட்டு ஆணம் வை.

தங்கச்சிமடம், மறுபடி: எங்கள் அப்பத்தா எட்டுப் பிள்ளைக்கும் சுறாப் புட்டு தின்றுதான் பால் கொடுத்தார். அவருக்கு என்ன ஆயிற்று?

ஏர்வாடி: என் மருமகளுக்கும் வாராவாரம் கொடுத்தோம். பால் நன்றாகத்தான் ஊறியது.

ஊறியிருக்கும். அப்பத்தா காலத்தில் வீட்டில் பவுடர் டப்பா இல்லை. நாற்பது நாளும் பிள்ளை அவர் பக்கத்திலேயே கிடந்தது, அழுத போதெல்லாம் மார்பில் போட்டார். வயிறாரச் சோறு போட்டார்கள், வேறு வேலை வைக்கவில்லை. பால் ஊறியது அதனால்தான், பெயர் வாங்கியது சுறா. உங்கள் மருமகளுக்கும் அந்த ஓய்வைக் கொடுத்திருப்பீர்கள் அம்மா, அதை விடாதீர்கள். ஒரு நாள் ஆசைக்குத் தின்றதற்குப் பயப்பட வேண்டாம். வாராவாரம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

தொண்டி: பால் ஊற என்ன சாப்பிடணும்?

முதல் பதிலைப் படிம்மா.

மண்டபம்: பாசி எடுக்கப் போகணும், பிள்ளைக்கு மூணு மாதம். கடலில் நிற்கும்போதே மார்பு கட்டிவிடுகிறது.

கிளம்பும் முன் பிள்ளைக்குக் கொடு, மீதியைக் கையால் பீய்ச்சி எடு. கை கழுவிக்கொள். கறுவட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால் மேலே கட்டைவிரல், கீழே ஆள்காட்டி விரல். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்து, அப்புறம் இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடு. தோலைத் தேய்க்காதே. முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், பிறகு பீறிடும். விரலைச் சுற்றிச் சுற்றி வை. கொதிக்க வைத்து எடுத்த எவர்சில்வர் டம்ளரில் பிடித்து மூடு. ஃப்ரிட்ஜின் உள்பக்கம் நாலு நாள் தாங்கும். வெளியில் நாலு மணி நேரம் என்பது 25 டிகிரிக்குள் இருந்தால்தான், நம் ஊர் வெக்கையில் அவ்வளவு நேரம் வைக்காதே. பாட்டில் வேண்டாம், பாலாடையில் புகட்டச் சொல். கரைக்கு வந்ததும் மறுபடி பீய்ச்சி விடு. தேங்க விட்டால் சுரப்பு குறையும்.

ராமேஸ்வரம்: பால் ஊற மருந்துக் கடையில் டொம்பெரிடோன் மாத்திரை கொடுத்தார்கள். போடலாமா? இல்லை, சாப்பாட்டிலேயே ஏதாவது…

சாப்பாட்டுக் கேள்வி போதும்! அந்த மாத்திரை இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது. டாக்டர் எழுதித் தராமல் போடாதே. தைராய்டு இருக்கிறதா, பிரசவத்தில் நஞ்சுக்கொடி முழுக்க வெளியே வந்ததா, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்கிறாயா என்று அவர் பார்க்கட்டும்.

திருப்பாலைக்குடி: ஒரு பக்கம் சிவந்து கல்லாக இருக்கிறது, குளிர் காய்ச்சல். மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்கிறார்கள்.

பூ கட்டுவது பாலை வற்ற வைக்க. கட்டாதே. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அந்தப் பக்கமும் பால் கொடுப்பதை நிறுத்தாதே.