போர்முனைக்குப் போகிறேன் என்கிறாள் மகள்: ஆரம்பாக்கத்து அப்பாவுக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் ஆந்திர எல்லை தாண்டி நெல்லூரில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். காசா மருத்துவமனை வீடியோக்களை ராத்திரி முழுக்கப் பார்க்கிறாள். லீவுக்கு வந்தவள் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்து, "நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் அவங்க உயிரோட இருப்பாங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது அமைப்போடு கிளம்பிவிடுவாளோ என்று உங்களுக்குப் பயம். கல்விக் கடன் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. "இந்தப் பைத்தியத்தைத் தெளிய வையுங்கள் மேடம்" என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்த வார்த்தையை முதலில் விட்டுவிடுங்கள் ஐயா. நர்சிங் படிக்கிற பெண் அடிபட்டவரைப் பார்த்தால் பதறத்தான் செய்வாள். ஆலோசனை சொல்ல வருவதற்கு முன் நான் வார்டில் நின்றவள். வெளிநாட்டுச் சம்பளத்தை மட்டும் நம்பிச் சேர்ந்து, மூன்றாம் வருடத்தில் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்கப் பிடிக்காமல் வெறுத்துப்போன பிள்ளைகளைத்தான் என்னிடம் அதிகம் கூட்டி வருகிறார்கள். உங்கள் மகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது, எதைச் செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அவ்வளவுதான்.

சரி, இப்போதே போர்முனைக்குப் போக முடியுமா? முடியாது. இதை அவளிடம் நேராகவே சொல்லலாம். போர் நடக்கிற ஊர்களில் சிகிச்சை தருகிற எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகள் படிப்பை முடித்து, பதிவு செய்து, பொதுவாகக் குறைந்தது 2 வருடம் வேலை பார்த்தவர்களைத்தான் எடுக்கின்றன. அதில் நியாயம் இருக்கிறது. குண்டு விழுகிற ஊரில், கை பழகாத ஒருத்தி போய் நின்றால் மூன்று நாளாகத் தூங்காத நர்ஸ்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவளுக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும், படுக்க இடம் வேண்டும்.

காசாவில் மருத்துவ மாணவர்களே வார்டுகளில் தொண்டு செய்தார்களே என்று அவள் கேட்பாள். உண்மைதான். யாழ்ப்பாணத்து மருத்துவ பீடமும் 1978-இல் தொடங்கியதிலிருந்து பாதிக் காலம் போருக்கு நடுவில்தான் பாடம் நடத்தியது. ஆனால் அந்தப் பிள்ளைகள் போரைத் தேடிப் போகவில்லை, போர்தான் அவர்கள் வாசலுக்கு வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற மாணவிக்கு வேறு வேலை இருக்கிறது. அதைச் சின்ன வேலை என்று அவள் நினைத்துவிடக் கூடாது. 1971-இல் நடந்ததை அவளுக்குச் சொல்லுங்கள்.

வங்கதேசப் போரில் உயிர் பிழைத்தவர்கள் லட்சக்கணக்கில் மேற்கு வங்க எல்லைக்குள் வந்தார்கள். எல்லையோரத்துப் பன்காவ் ஊரில் காலரா பரவியது. திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் அங்கே போனபோது, மருத்துவமனையில் இருந்தவை இரண்டு அறைகள், 16 படுக்கைகள். மிச்சப் பேர் தரையில் கிடந்தார்கள். டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அவர் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கணக்கு வைத்து, கல்கத்தாவில் பொட்டலம் கட்டச் செய்தார். முகாமில் டிரம்மில் கரைத்துக் குழாய் வைத்தார்கள். நோயாளியின் அம்மா, அண்ணன், பக்கத்துப் பாயில் இருந்தவர் என்று யார் யாரோ பிடித்து வந்து வாயில் ஊற்றினார்கள். நூற்றுக்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. நரம்பு பார்த்து ஊசி போடத் தெரிந்தவர்கள் அங்கே கொஞ்சம் பேர்தான். டம்ளரில் ஊற்றிக் கொடுக்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்று நம் ஊர் மருந்துக் கடையில் வாங்குகிற ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தின் மேல் உலகத்துக்கு நம்பிக்கை வந்ததில் அந்த முகாமுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தப் போர் நடந்தது எல்லைக்கு அப்பால். அதிலிருந்து தப்பி வந்தவர்களைக் காப்பாற்றியது இப்பால். உங்கள் மகளும் எல்லையோரத்துப் பெண்தானே? ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினால் எளாவூர், அடுத்தது கும்மிடிப்பூண்டி. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983-க்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டில் ஏற்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் அதுவும் ஒன்று. 2021-இல் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது. பெயர் மாறினாலும் போர் சிலருக்கு உடம்பிலேயே தங்கியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் அனுமதி வாங்கி, முகாம் ஒன்றுக்கு நர்சிங் மாணவிகள் எட்டுப் பேரைக் கூட்டிப் போனேன். ஒல்லியான ஓர் அம்மம்மா வந்து உட்கார்ந்து, "ரெண்டு நாளாத் தடிமன் பிள்ளை" என்றார். மாணவி நோட்டில் 'உடல் பருமன்' என்று எழுதிவிட்டு அவரையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் தடிமன் என்றால் சளி பிடிப்பது. வாந்தியைச் சத்தி என்பார்கள், கொசுவை நுளம்பு என்பார்கள், தலைவலியைத் தலையிடி என்பார்கள். நம் தமிழிலேயே இப்படி என்றால், மொழி தெரியாத நாட்டில் போய் என்ன செய்வது? அந்த மாணவி அன்று சாயங்காலத்துக்குள் முப்பது வார்த்தை எழுதி வைத்துக்கொண்டாள்.

அதே அம்மம்மாவுக்கு பி.பி. பார்க்கும்போது இன்னொன்று நடந்தது. பட்டையில் காற்று ஏறிக் கை இறுகியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். உதடு நடுங்கியது. என்ன ஆச்சு, அங்கே என்ன நடந்தது என்று கேட்க மாணவிக்கு வாய் வரை வந்துவிட்டது. வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் பட்டையைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் ரப்பர் உருண்டையை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே அமுக்குங்க அம்மம்மா, போதும்னா விட்டுடுங்க" என்றாள். அவர் அமுக்கினார். பாதியில் ஒரு தடவை விட்டார், மறுபடி அமுக்கினார். மூன்றாவது தடவை அளவு கிடைத்தது. அதிகமாக இருந்ததால் சீட்டு எழுதி அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தோம்.

இதற்கு உளவியல் முதலுதவி என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் கையேடே வெளியிட்டது. அதன் சாரம் மூன்று வார்த்தை: பார், கேள், இணை. சொல்ல விரும்பாதவரைச் சொல்ல வைக்காதே, சொன்னால் குறுக்கே பேசாதே, தேவையான உதவி கிடைக்கிற இடத்தில் கொண்டுபோய்ச் சேர். இதற்கு டிகிரி வேண்டாம், பயிற்சி வேண்டும். உங்கள் மகள் இந்த வருடமே கற்றுக்கொள்ளலாம்.

அன்று நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். மாணவிகளின் போன்களை வாங்கி வைக்கவில்லை. ஒருத்தி ஆசையாக ஒரு குழந்தையைப் படம் எடுத்து, அகதிக் குழந்தை என்று எழுதிப் போட்டுவிட்டாள். அந்தத் தாய் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். "என் பிள்ளைய ஏன் இப்படி ஊருக்கெல்லாம் காட்டுறீங்க?" என்று அழுதார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். காசா படங்களைப் பகிர்கிற உங்கள் மகளுக்கும் இது பொருந்தும். வேதனையில் இருப்பவர் முகத்தைக் காட்டாமலே அவருக்காகப் பேச முடியும்.

பேசலாமா, அரசியலில் மாட்டிக்கொள்ள மாட்டாளா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவமனையைத் தாக்கக் கூடாது என்பது எந்தக் கட்சியின் கொள்கையும் இல்லை. 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் சொல்வது அது, இந்தியாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள். 2016-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையும் 2286-ஆம் தீர்மானத்தில் அதையே வலியுறுத்தியது. காயம்பட்டவர் எந்தப் பக்கத்து ஆள் என்று பார்க்காமல் மருந்து போடுவதும் அதே ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஆகவே தாக்கியது யாராக இருந்தாலும் தவறு என்று ஒரே குரலில் அவள் பேசட்டும். ஒரு சமூகத்தையே திட்டுகிற பதிவுகள் பக்கம் போக வேண்டாம். நாளை அந்தச் சமூகத்து ஆள் ஒருவர் அவள் வார்டில் படுத்திருப்பார்.

கல்லூரியில் என்.எஸ்.எஸ். இருந்தால் சேரச் சொல்லுங்கள். இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவையும் ஒரு வார முகாமும் உண்டு. இளையோர் செஞ்சிலுவை இருந்தால் முதலுதவிப் பயிற்சி கிடைக்கும். ரத்தப்போக்கை அழுத்தி நிறுத்துவதும், கூட்டமாக அடிபட்டு வரும்போது யாரை முதலில் கவனிப்பது என்று சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு அடையாளம் வைத்துப் பிரிப்பதும் கைக்குப் பழக வேண்டும். அப்புறம் சமூக நல நர்சிங் பாடம். பிள்ளைகள் அதைத்தான் தூங்கி வழிந்து படிப்பார்கள். போர் முகாமில் உயிரைக் காப்பதில் பெரும்பகுதி அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று நிவாரண முகாம்களுக்கு உலக அளவில் ஒரு கணக்கு உண்டு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் கடும் சத்துக்குறைவு. ஒரு நாடா போதும் அதை அளக்க.

படிப்புக்குப் பிறகு என்ன என்பது உங்கள் கவலை. ஆந்திராவில் படிப்பதால் முதலில் அங்குள்ள நர்சிங் மன்றத்தில் பதிவு, தமிழ்நாட்டில் வேலை என்றால் இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். அவசரப் பிரிவிலோ பிரசவ வார்டிலோ 2 வருடம் நிற்கட்டும். தமிழும் தெலுங்கும் கைவசம் இருக்கிறது, ஆங்கிலத்தைத் திடமாக்கி, ஃபிரெஞ்சோ அரபியோ தொடங்கட்டும். மேலே படிக்க, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் மனநல நர்சிங் இருக்கிறது, திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையத்தில் பொது சுகாதார முதுநிலை இருக்கிறது. சீருடை பிடிக்குமென்றால் ராணுவ நர்சிங் பணி, அதிகாரி தகுதியிலேயே சேரலாம். 26 வயதில் அவள் போர்ப் பகுதிக்குப் போவதும் போகாததும் அவள் முடிவாக இருக்கும். அன்று அவள் அங்கே உதவியாக இருப்பாள்.

ஏஜென்ட் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஈராக்கின் திக்ரித் நகரில் 2014-இல் 46 இந்திய நர்சுகள் சிக்கிக்கொண்டார்கள். கேரளப் பிள்ளைகள்தான் அநேகம். கடன் வாங்கிப் போனவர்கள் பலர், சம்பள பாக்கி வேறு. ஆயுததாரிகள் மோசுலுக்குக் கொண்டுபோய், ஜூலையில்தான் விடுவித்தார்கள். சேவை மனசுள்ள பெண்ணிடம் சேவையின் பெயரைச் சொல்லியே பணம் கேட்பார்கள். வெளிநாடு என்றால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற வழிகளில் மட்டும் போகட்டும்.

போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் விடுதியில் தோழி போனில் பார்ப்பாள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் வேண்டாம் என்று பேசி முடிவு செய்யுங்கள், நீங்களும் அதைக் கடைப்பிடியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் சாப்பாடு, தூக்கம் இல்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

முகாமுக்குள் யாரும் நினைத்தபடி போக முடியாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், கல்லூரி வழியாகக் கேட்பதுதான் முறை. கல்லூரி முதல்வருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரி என்னிடம் இருக்கிறது. அடுத்த லீவில் அவள் வரும்போது என் கும்மிடிப்பூண்டி அலுவலகத்துக்குக் கூட்டி வாருங்கள். மூவரும் உட்கார்ந்து எழுதிவிடலாம். அந்த முப்பது வார்த்தை நோட்டின் நகலையும் எடுத்து வைத்திருக்கிறேன்.