அப்பத்தா வீட்டு ஈயச்சொம்பும் மகளின் இரும்புச் சத்தும்

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் பெரிய வீட்டைப் பங்கு பிரித்தபோது அப்பத்தாவின் சாமான்கள் என் பங்குக்கு வந்தன. ஈயச்சொம்பு, வெண்கலப் பானை, பித்தளைக் குண்டான், செம்புத் தவலை, பூப்போட்ட எனாமல் தூக்கு எல்லாம் இருக்கின்றன. இனி இவற்றிலேயே சமைக்கலாம் என்று ஆசை. மகள் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஐந்தாம் மாதம். மூன்று வயதில் பேரன் இருக்கிறான். மகளுக்கு ஹீமோகுளோபின் 9.2 என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். செம்பில் வைத்த தண்ணீரைக் குடித்தால் ரத்தம் ஊறும் என்கிறார்களே, சரிதானா?

பதில்: பாத்திரத்தைப் பற்றி ஒன்று, மகளின் ரத்தத்தைப் பற்றி ஒன்று என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் குடலில்தான் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கீரையிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பு, அயனியாகக் கரைந்த பிறகுதான் உடலுக்குள் போக முடியும். குடல் சுவரில் அதற்கென்று ஒரு வாசல் உண்டு. டிஎம்டி1 என்ற புரதம் அது. இரண்டு நேர்மின்னூட்டம் கொண்ட இரும்பு அயனியை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். உடலில் இரும்பு குறைந்தால், கிடைப்பதை விடக்கூடாது என்று உடல் அந்த வாசல்களை அதிகமாக்கிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய பாத்திரங்களில் இருக்கக்கூடிய காரீயம் (லெட்), காட்மியம் என்ற நச்சு உலோகங்களுக்கும் அதே இரண்டு மின்னூட்டம். இரும்புக்காகத் திறந்த வாசலில் அவையும் சேர்ந்து நுழைந்துவிடும். அதனால்தான் ரத்தசோகை உள்ளவர் உடம்பில் இந்த நச்சு உலோகங்கள் மற்றவர்களைவிட எளிதில் ஏறுகின்றன. சின்னப் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். வயிற்றுக்குள் போகும் காரீயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கை அவர்கள் உறிஞ்சிவிடுவார்கள்.

ஆகவே அந்தப் பாத்திரங்கள் நல்லவையா என்பதோடு, அவற்றில் யார் சாப்பிடப் போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் சாப்பிடப் போவது இரும்பு குறைந்த கர்ப்பிணியும் மூன்று வயதுப் பிள்ளையும். காரீயம் ஏற இவர்களைவிட எளிதான ஆட்கள் கிடையாது.

ஏறிய பிறகு அது செய்யும் வேலை கொடியது. ஹீமோகுளோபினுக்கு வேண்டிய ஹீம் என்ற பொருளைத் தயாரிக்கும் நொதி ஒன்றில் துத்தநாக அயனி இருக்க வேண்டும். அதைத் தள்ளிவிட்டுக் காரீயம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நொதி செயலற்றுப் போகும். அதாவது, ரத்தசோகையால் எளிதாக உள்ளே வந்த காரீயம் ரத்தசோகையை மேலும் வளர்க்கும். மிச்சம் கால்சியத்தின் இடத்தில் எலும்புக்குள் போய்ப் பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்பக் காலத்தில் குழந்தைக்காக எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது அதுவும் கூடவே கரைந்து, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வளரும் மூளைக்கு அது செய்யும் கெடுதலை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. அதனால்தான் இந்த விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன்.

சரி, ஈயச்சொம்பு. அது வெள்ளீயத்தால் (டின்) ஆனது; காரீயம் வேறு, இது வேறு. சுத்தமான வெள்ளீயம் என்றால் கவலையில்லை. ரசத்தில் கொஞ்சம் கரைந்தாலும் குடல் அதை அநேகமாக உறிஞ்சாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், எனவே தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைக்கக் கூடாது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிக்கல், விலை குறைவு என்பதற்காகக் காரீயம் கலந்து செய்த சொம்புகளில்தான். புளித் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அது கரைந்து ரசத்தோடு வந்துவிடும், ருசியிலும் நிறத்திலும் தெரியாது.

வளைத்துப் பார்த்துச் சத்தம் கேட்பது, காகிதத்தில் கோடு போட்டுப் பார்ப்பது என்று ஆளுக்கொரு சோதனை சொல்வார்கள். நம்பாதீர்கள். எடை போட்டு, தண்ணீரில் அமிழ்த்திப் பார்ப்பதும் போதாது. ஒரு கிலோ சுத்த வெள்ளீயம் ஏறக்குறைய 137 மில்லிலிட்டர் தண்ணீரை வெளியேற்றும். நூற்றுக்கு ஐந்து பங்கு காரீயம் கலந்திருந்தால் 134 மில்லிலிட்டருக்குச் சற்று மேலே. இந்த இரண்டரை மில்லிலிட்டர் வித்தியாசத்தை அடுக்களையில் அளந்து கண்டுபிடிக்க முடியாது. உலோகப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகத்தில் எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனை இருக்கிறது. பாத்திரத்தைச் சுரண்டாமல் கொள்ளாமல் அதில் என்ன உலோகம் எவ்வளவு என்று காட்டிவிடும். அந்த முடிவு கைக்கு வரும்வரை சொம்பு அலமாரியில் இருக்கட்டும். ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள்.

அடுத்தது செம்பும் பித்தளையும். களிம்பு ஏறிய குண்டானைப் புளி போட்டுத் தேய்த்தால் என்ன ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள். பழுப்பும் பச்சையும் கரைந்து வழிய, அடியில் உலோகம் பளிச்சென்று தெரியும். அந்த வழிகிற தண்ணீர் செம்பு அயனிகள் நிறைந்தது. பூச்சில்லாத பித்தளையில் வெண்டைக்காய் மண்டியையோ காரக்குழம்பையோ வைத்து, மிச்சத்தை மறுநாள்வரை அதிலேயே விட்டால், தொட்டியடியில் நடப்பது குழம்புக்குள் நடக்கும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரும். தயிர், மோர், எலுமிச்சைச் சாற்றுக்கும் இதே விதிதான். வெண்கலப் பானையில் வெண்பொங்கல், சோறு, கும்மாயம்போலப் புளிப்பில்லாதவற்றைச் செய்து, உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் செம்பு பெரிதாக இறங்காது. ஆனால் பழைய வெண்கலத்திலும் பித்தளையிலும் காரீயம் கொஞ்சம் சேர்ந்திருப்பதுண்டு. அவற்றையும் சொம்போடு சேர்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பேரனுக்குப் பால் காய்ச்ச மட்டும் செம்போ பித்தளையோ கூடவே கூடாது. நம் நாட்டில் ஒரு காலத்தில் சின்னக் குழந்தைகளின் ஈரல் சுருங்கிப்போகும் நோய் ஒன்று பல வீடுகளைக் கலங்கடித்தது. வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. 1980களில் புனே வட்டாரத்தில் ஆராய்ந்தவர்கள், பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலின் வழியாகப் போன செம்பைக் காரணமாகச் சுட்டினார்கள். பாலில் இருக்கும் கேசின் புரதம் செம்பு அயனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீடுகளில் எவர்சில்வர் பரவியதும் அந்த நோய் அநேகமாக மறைந்தேபோனது. இன்னொன்று: செம்பை ஈரலிலிருந்து வெளியேற்ற முடியாத வில்சன் நோய் என்று ஒரு பரம்பரை நோய் உண்டு. சொந்தத்துக்குள் மணம் செய்த குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். உங்கள் வீட்டில் இளவயதிலேயே காரணம் தெரியாத ஈரல் கோளாறோ கைநடுக்கமோ யாருக்காவது இருந்திருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், செம்புப் பாத்திரத்தை விட்டுவிடுங்கள்.

குண்டானுக்கு ஈயம் பூசிப் புழங்குவதாக இருந்தால், ஈயம் பூசுபவரிடம் சுத்த வெள்ளீயக் கட்டியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மின்சாமான்களைப் பற்றவைக்கும் சால்டர் கம்பியை உருக்கிப் பூச விடாதீர்கள். அதில் பெரும்பாலும் காரீயம் இருக்கும்.

எனாமல் தூக்கில் சாப்பாடு வேண்டாம். பழைய எனாமலின் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்குக் காட்மியச் சாயங்களும் காரீயச் சாயங்களும் பயன்பட்டிருக்கின்றன. சில்லு பெயர்ந்திருந்தால் இன்னும் ஆபத்து. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அவற்றை அழகுக்காக எத்தனையோ பேர் வாங்கிப்போகிறார்கள். நீங்களும் முகப்பில் வையுங்கள், அவ்வளவு அழகு அவை.

இனி மகளின் ரத்தம். செம்புக்கும் ரத்தத்துக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். சேமிப்பிலிருந்து இரும்பு வெளியே வந்து ரத்தத்தில் பயணிக்க, செம்பு தாங்கிய ஒரு புரதத்தின் உதவி தேவை. ஆனால் பருப்பும் எள்ளும் தேங்காயும் சாப்பிடுகிற நம் சமையலில் செம்பு குறைவதே அரிது. இரவு முழுக்கச் செம்புத் தவலையில் வைத்த வெறும் தண்ணீர் வயிற்றுப்போக்குக் கிருமிகளைக் கொல்லும், அதில் இறங்கும் செம்பும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன வரம்புக்கு வெகுவாகக் கீழேதான் இருக்கும். குடிக்கலாம். ஆனால் ரத்தம் ஊறாது. உங்கள் மகளுக்குப் பெரும்பாலும் குறைவது இரும்பு, அதற்கு அந்த மாத்திரைதான் மருந்து.

அதை எப்படிச் சாப்பிடுகிறாள் என்று கேளுங்கள். காலைக் காப்பியோடு விழுங்கினால் பாதிக்குப் பாதி வீண். காப்பி, டீயில் உள்ள பொருள்கள் இரும்பு அயனியைக் கட்டிப்போட்டுவிடும். மாத்திரைக்கும் காப்பிக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரமாவது விட வேண்டும். கால்சியம் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள், இரண்டையும் ஒன்றாகப் போடக்கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொண்டால் அதன் வைட்டமின் சி இரும்பைக் குடல் ஏற்கும் வடிவில் வைத்திருக்கும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் அதிகமென்றால் மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் வேறு மாத்திரை கேளுங்கள்.

அசைவம் உண்டென்றால், மசக்கை விட்டிருந்தால், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். அதிலிருக்கும் ஹீம் இரும்பு கீரை இரும்பைவிடப் பல மடங்கு எளிதாக உடம்பில் ஏறும். அப்புறம், அந்தச் சாமான்களோடு இரும்புச் சட்டி ஏதாவது வந்திருந்தால் காரக்குழம்பை அதில் வையுங்கள். புளிப்பில் கொஞ்சம் இரும்பு கரைந்து வரும், அது நமக்கு வேண்டியதுதான். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சொம்பில் ஏற்கெனவே சில வாரம் ரசம் வைத்திருந்தால், மகளுக்கும் பேரனுக்கும் ரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள்.